கடலோரத்தில் சென்சார் வண்டி பதினைந்து வருஷம் தாங்குமா?

தொண்டியிலிருந்து ஒருவர் கேட்டது, 17 மே 2025

அப்பா வாங்கிய ஜீப் முப்பது வருஷம் ஓடியது. இப்போது நான் கார் எடுக்கலாம் என்று போனால் பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஒரே பேச்சு. "பிஎஸ் 6 எடுக்காதீங்க, பூராவும் சென்சார், பத்து வருஷத்துல காயலான் கடைதான்" என்கிறார்கள். பிஎஸ் 6 என்றால் 2020-லிருந்து கட்டாயமான புகைக் கட்டுப்பாட்டு விதி. உப்புக்காற்று அடிக்கிற ஊரில் இந்த எலக்ட்ரானிக்ஸ் எத்தனை நாள் நிற்கும்? பேசாமல் 2013, 2014 மாடலாகப் பார்த்து வாங்கிவிடலாமா?

18 மே 2025

சென்சாரைத் திட்டுவதற்கு முன்னால் கப்ளரையும் (ஒயர்களை இணைக்கிற பிளாஸ்டிக் செருகி), எர்த் போல்ட்டையும் (பேட்டரி நெகட்டிவை வண்டி இரும்போடு சேர்ப்பது) கழற்றிப் பாருங்கள். நம் பக்கத்தில் வண்டியைப் படுக்க வைப்பது பெரும்பாலும் அங்கே ஏறுகிற களிம்புதான்.

மண்டபத்தில் எங்கள் மீன் வண்டி ஒன்று ஓடுகிறது, பிஎஸ் 6. போன வாடைக் காலத்தில் செக் இன்ஜின் லைட் எரியும், தானாக அணையும், பாம்பன் பாலத்தில் ஏறும்போது இழுவை செத்துப்போய் இரண்டாம் கியருக்கு வந்துவிடும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நான்கைந்து கோடு, அதாவது கோளாறைச் சொல்கிற எண். "ஈசிஎம் போயிருச்சு சார், மாத்திரலாம்" என்று, இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரையே மாற்ற அரை லட்சத்தைத் தாண்டி ஒரு எஸ்டிமேட் கையில் கொடுத்தார்கள்.

கீழக்கரையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார், வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாரும் காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், புளோயர், வைப்பர் எல்லாவற்றையும் போடச் சொன்னார். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்தார். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, முள் குத்தியது போல 0.9-ல் நின்றது. பேட்டரித் தட்டுக்கு அடியில் இருக்கிற எர்த் போல்ட்டைக் கழற்றினார். மேலே பார்க்க நன்றாக இருந்த போல்ட்தான். வாஷரைத் தூக்கியதும் அடியில் பச்சையாகக் களிம்பு, விரலால் தேய்த்தால் மாவாக வந்தது. ஒயரின் உறையை ஒரு இஞ்ச் உரித்தார், உள்ளே செம்பு கறுத்துப்போயிருந்தது. இன்னும் ஒரு இஞ்ச், அங்கேயும் கறுப்பு. பளபளக்கிற செம்பு வருகிற வரைக்கும் வெட்டிக்கொண்டே போய், ஒயர் முனையில் புது லக் (போல்ட்டில் மாட்டுகிற வளையம்) அடித்து, ஈயம் வைத்து, சேஸிஸில் பெயின்டைச் சுரண்டி முடுக்கினார். வண்டி சரியாகிவிட்டது. இன்றுவரை அந்த லைட் எரியவில்லை.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இன்ஜினில் இருக்கிற சென்சார்கள் பலவும் 5 வோல்ட்டில் வேலை செய்பவை. ஹெட்லைட்டுக்கு அரை வோல்ட் குறைந்தால் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். ஆக்சிலேட்டர் பெடல் சென்சாருக்கு அரை வோல்ட் என்பது "டிரைவர் மிதிக்கிறார்" என்பதற்கும் "மிதிக்கவில்லை" என்பதற்கும் நடுவில் இருக்கிற தூரம். அதோடு பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட்டையும் ஒரே எர்த்தையும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு இடத்தில் களிம்பு ஏறினால் நாலு சென்சார் மேல் பழி விழும். அரை லட்சம் கொடுத்துப் புது ஈசிஎம் போட்டிருந்தாலும் அது அதே அழுகின எர்த்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

19 மே 2025

கப்ளரில் களிம்பு ஏறாமல் இருக்க என்ன கிரீஸ் தடவுவது என்று கேட்டவருக்கு: சிலிகோன் டைஎலக்ட்ரிக் கிரீஸ் என்று கேளுங்கள். வீல் பேரிங்குக்குப் போடுகிற கிரீஸ் வேண்டாம், அது ரப்பர் சீலை ஊதவைக்கும். முதலில் கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு, அப்புறம் ரப்பர் சீலைச் சுற்றி லேசாகத் தடவ வேண்டும். கப்ளருக்குள் கொட்டி நிரப்ப வேண்டியதில்லை.

இன்னொன்று. கரண்ட் வருகிறதா என்று பார்க்க டெஸ்ட் லேம்ப் ஊசியால் ஒயரின் உறையைக் குத்துகிற பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் உண்டு. உள்ளூர்க்காரன் குத்துகிற அந்த ஓட்டை வழியாகத்தான் உப்பு உள்ளே போகிறது. ஆறேழு மாதம் கழித்து ஒயர் உறைக்குள்ளேயே பொடிந்துபோகும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. குத்தவே விடாதீர்கள். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய ஊசி விட்டுப் பார்க்கலாம்.

25 மே 2025

அப்பாவின் ஜீப் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலும் ஒரு பெட்ரோல் ஜீப் இருந்தது. கோளாறே இல்லாமல் ஓடியது என்று இப்போது எல்லாரும் சொல்கிறோம், சுத்தப் பொய். மார்கழிப் பனியில், பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும், விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகாது, மூடியைக் கழற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைப்பார் பெரியப்பா. பாயின்ட் தேய்ந்துவிடும், உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கண்டன்சர் போகும். கார்புரேட்டர் ஜெட்டில் துரு வந்து அடைக்கும், வாயால் ஊதுவோம். வழியில் நிற்காத மாதம் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை.

நின்றதெல்லாம் நமக்கு மறந்துபோனதற்குக் காரணம், பத்து நிமிஷத்தில், வண்டியில் இருக்கிற ஸ்பேனரை வைத்தே சரிசெய்துவிட்டோம். இன்றைய வண்டி அதைவிடப் பல மடங்கு குறைவாகத்தான் நிற்கிறது. நின்றால் ராம்நாட்டுக்கோ மதுரைக்கோ கட்டி இழுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இப்போது தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில். மண்டபம் கரையில் இறங்கி நடந்தால் டீசல் இன்ஜினைப் பிரித்துத் தார்ப்பாயில் பரப்பி வைத்திருக்கிறார்கள். பம்பு, நாசில் எல்லாம் மெக்கானிக்கல். அழுத்தம் பார்க்க ஒரு டெஸ்டர், மிச்சத்துக்குக் கையும் காதும். கடலுக்கு நடுவில் ஸ்கேனர் தேட முடியாது என்பதால் படகுக்காரர்கள், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சுகிற காமன் ரெயில் என்ற பேச்சைக் கேட்டாலே முகத்தைச் சுளிக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் காருக்கு அந்த நியாயத்தை அப்படியே கொண்டுவர முடியாது, கார் கரையில்தானே நிற்கிறது.

26 மே 2025

"அப்படியானால் சென்சார் இல்லாத கார் எது?" என்று கேட்கிறீர்கள். நீங்கள் பார்க்கிற 2013 மாடலிலும் ஈசிஎம் இருக்கிறது. 2000-ஐ ஒட்டியே பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. சென்சாரே வேண்டாம் என்றால் மாட்டு வண்டிதான் இருக்கிறது, அந்த மாட்டுக்கும் இப்போது காதில் தோடு மாட்டி நம்பர் போட்டுவிட்டார்கள்.

8 ஜூன் 2025

ஸ்கேனர் பற்றி. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் ஒன்று இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் காரிலும் கட்டாயமாக்கினார்கள், அப்புறம் உலகம் முழுக்கப் பரவியது. இதில் செருகுகிற புளூடூத் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, போனில் ஒரு ஆப் போட்டால் கோடு படிக்கலாம். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டருக்குப் போவதற்கு முன்னால் என்ன கோடு என்று தெரிந்துகொண்டு போனாலே பாதிப் பேச்சு குறைகிறது.

ஆனால் கோடு என்பது புகார்தான், தீர்ப்பில்லை. பி 0171 வந்தால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று ஈசிஎம் நினைக்கிறது, அவ்வளவே. வெடித்த வேக்குவம் ஹோஸாக இருக்கலாம், பம்பு அழுத்தம் குறைந்திருக்கலாம், ஏர் ஃபில்டருக்குப் பின்னால் கிளாம்ப் லூஸாக இருக்கலாம். ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிட்டு மறுநாள் அதே லைட்டோடு வந்து நிற்பவர்களை ராம்நாட்டுப் பட்டறைகளில் எப்போதும் பார்க்கலாம்.

அந்த மலிவு அடாப்டரால் முடியாத வேலைகளும் உண்டு. காமன் ரெயில் டீசலில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு எண் பொறித்திருக்கும். புது இன்ஜெக்டர் போட்டால் அந்த எண்ணை ஈசிஎம்முக்குள் ஏற்ற வேண்டும், ஏற்றாவிட்டால் இன்ஜின் தடதடக்கும், புகை கக்கும். ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), சாவி கோடிங் எல்லாம் இதே வகை. அதற்குப் பெரிய ஸ்கேனர் வேண்டும், பல கம்பெனிகளில் அதற்கு வருஷச் சந்தா வேறு.

22 ஜூன் 2025

காயலான் கடை பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் வண்டி முப்பது வருஷம் ஓடியதற்குப் பாதிக் காரணம் காயலான் கடைதான். மோதி நொறுங்கின வண்டியிலிருந்து கழற்றிய ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், கதவு, கண்ணாடி, எல்லாம் பாதி விலைக்கு. இப்போதும் கிடைக்கிறது. ஆனால் ஈசிஎம்மை அப்படிக் கொண்டுவந்து மாட்ட முடியாது. சாவியில் இருக்கிற சிப்பும் ஈசிஎம்மும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு, நல்லதுதான். ஆனால் அதே பூட்டு பிறகு மீட்டர் போர்டு, ஸ்டியரிங் யூனிட், ஹெட்லைட் வரை போய்க்கொண்டிருக்கிறது. என் பயமெல்லாம் இதில்தான். சென்சார் எத்தனை இருந்தாலும் சரி, கழற்றி மாட்ட முடிந்தால் போதும். பாகம் நல்லதாகவே கையில் இருந்தும், கம்பெனி சர்வரில் அனுமதி கிடைக்காமல் மாட்ட முடியவில்லை என்கிற நிலைமைதான் பதினைந்தாவது வருஷத்தில் வண்டியைக் கொல்லும்.

ஈசிஎம் போர்டையே ரிப்பேர் செய்கிறவர்கள் மதுரை, கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். போர்டில் வயதாகிச் சாவது பெரும்பாலும் கெப்பாசிட்டர். சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு. அதனால் ஈசிஎம் இன்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கிற வண்டியைவிட டேஷ்போர்டுக்குள் இருக்கிற வண்டி எனக்குப் பிடிக்கும். சில கம்பெனி ஈசிஎம்மைப் பசை ஊற்றி மூடியிருப்பார்கள். ஈரத்துக்கு நல்லது, ரிப்பேர்காரருக்குச் சனி.

6 ஜூலை 2025

வெளிப் பட்டறையில் பழுதுபார்க்கிற உரிமைக்குச் சட்டம் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். 2011-ல் ஒரு தனி மனிதர் கொடுத்த புகாரை விசாரித்து, 2014 ஆகஸ்ட் 25-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரிபாகத்தையும் கோளாறு பார்க்கிற கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. வெளியில் வேலை பார்த்தாலே வாரன்ட்டி போய்விடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக்கூடாது என்றும் அந்த உத்தரவில் இருக்கிறது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். அப்புறம் 2022 டிசம்பர் 24-ல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம் என நாலு துறை. போய்ப் பார்த்தேன், கஸ்டமர் கேர் நம்பரும் வாரன்ட்டி விவரமும் இருக்கிறது. உச்சிப்புளியில் பட்டறை வைத்திருப்பவனுக்கு வேண்டியது ஒயரிங் படம், அது அங்கே இல்லை.

ஐரோப்பாவில் 2007-லேயே ரிப்பேர் தகவலை வெளிப் பட்டறைக்கும் கொடுக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-ல் ஓட்டுப்போட்டுச் சட்டமே கொண்டுவந்தது. அதனால் என்ன லாபம் என்றால், அங்கேயும் விற்கிற மாடல் என்றால் அதன் ஒயரிங் படம் எப்படியாவது கிடைத்துவிடுகிறது. காக்கா போனில் வைத்திருக்கிற படங்களில் பாதி அப்படி வந்தவைதான் என்று நினைக்கிறேன், கேட்டால் சிரிப்பார்.

7 ஜூலை 2025

டீசல் பிஎஸ் 6 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சைலன்சர் லைனில் கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர் இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். பிடித்த கரியை அவ்வப்போது எரிக்க உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடு ஏற வேண்டும். கரையிலிருந்து ஐஸ் கம்பெனி, ஐஸ் கம்பெனியிலிருந்து மார்க்கெட் என்று நாலு கிலோமீட்டருக்கு ஒருதரம் நிறுத்தி ஓட்டுகிற வண்டிக்கு அந்தச் சூடு வராது. அடைத்துக்கொள்ளும், லைட் எரியும், அப்புறம் வண்டி இழுக்காது. வாரத்தில் ஒரு நாள் பரமக்குடிப் பக்கம் சீரான வேகத்தில் விட்டு வந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர்கள் டீசல் எடுக்காதீர்கள். ஃபில்டரை வெட்டி எடுத்துவிட்டு ஓட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், எஃப்சிக்கு (வண்டித் தகுதிச் சான்று) போகும்போது அவர்கள் கூட வரமாட்டார்கள்.

17 ஆகஸ்ட் 2025

கச்சான் காற்று இந்த வருஷம் மண்ணை வாரி அடித்துவிட்டது. மீன் வண்டியின் பின்பக்கத் தரைத் தகடு போய்விட்டது. மூன்று மாதமாக இவ்வளவு எலக்ட்ரானிக்ஸ் பேசியிருக்கிறோம், இங்கே முதலில் சாவது தகரம்தான் போலிருக்கிறது. மீன் பெட்டியிலிருந்து உருகி வடிகிற ஐஸ் தண்ணீர் முழுக்க உப்பு. அது தகட்டின் மடிப்புக்குள் இறங்கி, அங்கிருந்து சேஸிஸில் போகிற ஒயரிங் மேல் சொட்டுகிறது. டெயில் லைட் கப்ளரையும் பின் சக்கர ஏபிஎஸ் சென்சாரையும் அது விடுவதில்லை. தகட்டுக்குக் கீழே ஒயரிங் போகிற இடத்தில் பழைய தண்ணீர்ப் பைப்பை நீளவாக்கில் கீறி மாட்டிவிட்டேன், கூரை மாதிரி. அழகில்லை, ஆனால் சொட்டு ஒயரில் விழுவதில்லை.

வண்டியைக் கழுவினால் போதும் என்று எழுதுகிறவர்கள் நம் ஊர்த் தண்ணீரைப் பார்த்ததில்லை. போர் தண்ணீரே உப்பு. குடிக்க வருகிற காவிரித் தண்ணீரில் கார் கழுவினால் வீட்டில் சோறு கிடைக்காது. மழை பெய்யும்போது வண்டியை வெளியே நிறுத்துவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே இலவச சர்வீஸ்.

தகடு ஒட்ட வெல்டிங் போட்டால் ஒரு எச்சரிக்கை: பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் கழற்றுங்கள், முடிந்தால் ஈசிஎம் கப்ளரையும். வெல்டிங் எர்த் கிளிப்பை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். முன் பம்பரில் எர்த் மாட்டிப் பின்னால் ஒட்டினால் அந்தக் கரண்ட் வண்டி முழுக்கச் சுற்றித்தான் வரும். "எத்தனை அம்பாசிடருக்கு ஒட்டியிருக்கேன் தெரியுமாண்ணே" என்பார் டிங்கர். அம்பாசிடரில் எரிவதற்கு என்ன இருந்தது?

18 ஆகஸ்ட் 2025

மண்டபத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தின் அரிப்பு ஆய்வு நிலையம் இருக்கிறது, இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்க்க நம் ஊரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வேறென்ன சர்டிஃபிகேட் வேண்டும்.

2 நவம்பர் 2025

மழைக்காலம் வந்துவிட்டது. போன வருஷம் நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்போது தங்கச்சிமடத்தில் சொந்தக்காரர் காரில் சீட் வரை தண்ணீர். ஓடுகிறதா பார்ப்போம் என்று தண்ணீர் வடிந்ததும் சாவியைப் போட்டிருக்கிறார், அங்கேதான் காரியம் கெட்டது. நனைந்த போர்டில் கரண்ட் இல்லாதவரை அரிப்பு மெதுவாக நடக்கும். உப்பு கலந்த தண்ணீரில் கரண்ட் பாய்ந்தால் சில நிமிஷத்திலேயே கப்ளருக்குள் இருக்கிற உலோகப் பின்கள் கரைந்து போகும். ஏர்பேக் யூனிட் சீட்டுக்கு நடுவில், தரையோடு தரையாக இருக்கும், முதலில் அதுதான் மூழ்கும்.

தண்ணீர் ஏறினால் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். நனைந்த யூனிட்களையும் கப்ளர்களையும் நல்ல தண்ணீரில், கிடைத்தால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் விட்டுக் காயவைக்க வேண்டும். தண்ணீரில் போனதைத் தண்ணீரிலேயே கழுவுவதா என்று சிரிப்பார்கள், உப்பு போக வேறு வழி இல்லை. ஏர்பேக் யூனிட்டை மட்டும் நாமாகத் தொட வேண்டாம், அதோடு இணைந்திருக்கிற ஏர்பேக் வெடிக்கிற சாமான். இன்ஷூரன்ஸ் இருந்தால் கழற்றுவதற்கு முன்னால் போட்டோ எடுத்துவிடுங்கள்.

9 நவம்பர் 2025

பேட்டரி ஸ்கூட்டர் தாங்குமா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: மோட்டார் தாங்கும், கன்ட்ரோலர் ஓரளவு தாங்கும், பேட்டரி பேக் வாரன்ட்டி முடிந்தபின் யார் திறப்பார்கள் என்பதுதான் கேள்வி. ஆப் இல்லாமல், சர்வர் இல்லாமல் ஓடுமா என்று கடையில் கேளுங்கள். பதில் சொல்ல விற்பனைப் பையன் மேனேஜரைக் கூப்பிட்டால் இன்னொரு கடைக்குப் போங்கள்.

23 நவம்பர் 2025

தொண்டி நண்பர் இரண்டு வண்டி பார்த்து வைத்திருப்பதாகச் சொல்கிறார். ஒன்று 2014 டீசல், டர்போ, டாப் மாடல். இன்னொன்று 2021 பெட்ரோல், டர்போ இல்லை, சாதாரண மாடல். கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது. முதலாவதில் பதினொரு வருஷ உப்பு ஏற்கெனவே ஏறியிருக்கிறது, இன்ஜெக்டர் நாலும் எப்போது வேண்டுமானாலும் செலவுக்குக் கை நீட்டும். அதோடு உங்கள் பக்கத்து ரோட்டில் டாக்ஸியாக அதிகம் ஓடுவது எது என்று பாருங்கள். டாக்ஸியாக ஓடுகிற வண்டிக்குப் பாகமும் கிடைக்கும், தெரிந்த கையும் கிடைக்கும். ஏசியைக் கூட்டக் குறைக்கத் திருகு இருக்கட்டும். எல்லாம் தொடுதிரைக்குள் இருந்தால் திரை போன அன்று ஏசியும் போகும்.

போகும்போது மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போய், மே மாதம் எழுதிய அந்த எர்த் சோதனையைச் செய்யுங்கள். கால்மிதியைத் தூக்கி, அடியில் கார்பெட் ஈரமா என்று கை வைத்துப் பாருங்கள். சாவி இரண்டும் கொடுக்கிறாரா என்று கேளுங்கள். ஒன்றுதான் என்றால் இன்னொரு சாவிக்கு கோடிங்கோடு சேர்த்து எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே விசாரித்து, அதை விலையில் கழித்துவிடுங்கள்.